நுரைதின்னி

கோகிலவாணி அந்தத் தண்ணீரைக் குடித்ததை மாவட்டமே பார்த்தது. பாலத்துக்குக் கீழே ஷாமியானா போட்டிருந்தார்கள். மஞ்சையாற்றிலிருந்து மொண்டு, மணல் வடிகட்டியில் ஒருமுறை மட்டும் விட்ட தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி அவள் கையில் கொடுத்தார்கள். படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை என்று கேமராக்காரர்கள் கேட்டதால் இரண்டு டம்ளர் குடிக்க வேண்டியதாயிற்று. அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆய்வகத்தின் பொறுப்பு அவளுடையது. கல்யாணம், வீடு என்று எதிலும் மனம் தங்காமல் பதினோரு வருடம் அந்த ஆய்வகத்திலேயே கிடந்தவள், அன்றைக்குத்தான் முதல்முறையாக நாலு பேர் முன்னால் சிரித்தாள்.

அதற்கு முன்னால் மஞ்சையாறு என்றால் நுரை. துணி அலசப் பட்டறைகளில் ஊற்றும் சோப்புத் திரவம் சாயக் கழிவோடு கலந்து ஆற்றில் இறங்கும். பாலத்தடியில் தண்ணீர் விழுந்து அடிபடும் இடத்தில் அது ஆள் உயரத்துக்கு நுரைத்து எழும்பும். காற்றடித்தால் சாலைக்கு வந்துவிடும். பேருந்துகள் வைப்பரைப் போட்டபடி அரைமணி நேரம் நிற்கும். பதினெட்டு கிலோமீட்டர் கீழே, அணையை ஒட்டியிருக்கும் மூலக்காட்டுப்புதூரில் இருபத்துமூன்று வருடமாக ஆற்றுத் தண்ணீரில் யாரும் கால் நனைக்கவில்லை. நுரைக்காட்டு ஊர் என்று சொல்லி அந்த ஊருக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள்.

நிலையத்தின் கோப்புகளில் அந்தப் பாக்டீரியாவுக்கு ஓர் எண்தான் உண்டு. நுரைதின்னி என்பது ஊர் வைத்த பெயர். சோப்பை மெதுவாகக் கொறித்துக்கொண்டு ஆற்றுச் சேற்றில் கிடந்த ஒன்றைக் கோகிலவாணி பிடித்து வந்து, மரபணுவில் கைவைத்து, பெருந்தீனிக்காரனாக மாற்றியிருந்தாள். அனுமதிக் குழு அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. இது கட்டுக்கு அடங்காமல் பரவிவிட்டால்? அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. அது உயிர்வாழத் தேவையான ஒரு சத்தைத் தானே செய்துகொள்ளும் திறமையை அவள் அதனிடமிருந்து பறித்துவிட்டாள். அந்தச் சத்தை நிலையத்திலிருந்து தினமும் சொட்டுச்சொட்டாக ஆற்றில் விட வேண்டும். குழாயை மூடினால் ஒன்பது நாளில் கூண்டோடு செத்துப்போகும். குழுவுக்குத் திருப்தி.

ஏழு வாரத்தில் நுரை போயிற்று. ஒரு வருடத்தில் அணையில் மீன் விட்டார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் புதுப் போர்டு மாட்டினார்கள். ஆற்றோரக் கிணறுகளைத் தூர்வாரினார்கள். பெண்கள் துணியை மூட்டைகட்டிக்கொண்டு கரைக்கு வந்தார்கள்.

அது ஆகி இரண்டு வருடம் கழித்து ஆத்தியப்பன் ஆய்வகத்துக்கு வந்தான். முப்பது வயது இருக்கும். பனியன் கம்பெனியில் ஷிப்டு வேலையை விட்டுவிட்டு அணையில் பரிசல் ஓட்டி மீன் பிடிப்பவன். பிளாஸ்டிக் வாளி நிறையக் கெண்டை கொண்டுவந்திருந்தான். சொந்த ஊரிலேயே தொழில் பார்க்கும்படி ஆயிற்று, அதற்கு நன்றி சொல்ல வந்தேன் என்றான். வாளியை மேசைமேல் வைத்தபோது அவன் முகத்தில் பெருமை இருந்தது.

"பூரா சினை மீனுங்க மேடம். பருவம் பாக்கறதே இல்ல. எப்ப வலை போட்டாலும் வயிறு முட்டச் சினைதான். சந்தையில எங்க மீனுக்குன்னே காத்துக் கெடக்கறாங்க."

கோகிலவாணி சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். அவன் போன பிறகு அந்தச் சொல் அவளை விடவில்லை. பூரா சினை மீன் என்றால் ஆண் மீன் எங்கே? சமையலுக்கு எடுத்துப்போக இருந்த வாளியை ஆய்வகத் தொட்டிக்குக் கொண்டுபோய், கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வயிற்றைத் திறந்தாள். பதினாறில் பதினைந்தில் சினை. பதினாறாவது ஆண். அதன் விந்துப்பையை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். உள்ளே முத்துமுத்தாக முட்டைகள் இருந்தன.

மறுநாள் அவளே அணைக்குப் போய் நாற்பது மீன் வாங்கினாள்; அவற்றிலும் இதே கதைதான். அடிச்சேற்றையும் அள்ளிக்கொண்டாள். சேற்றில் கலந்திருப்பவற்றைப் பிரித்துக் காட்டும் கருவியில் ஓட்டியபோது, வரைபடத்தில் எங்கே கோடு தட்டையாக இருக்க வேண்டுமோ அங்கே ஒரு மேடு எழுந்து நின்றது. அந்த மேட்டை அவளுக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன் நுரைதின்னியைத் தொட்டியில் விட்டுச் சோதித்தபோது அதே இடத்தில் ஒரு சின்ன முகடு தெரிந்தது. மேற்கொண்டு ஆராய வேண்டும் என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவள் அவள்தான். நுரை போய்க்கொண்டிருந்த சந்தோஷத்தில் மறுபடி அந்தப் பக்கத்துக்கு அவள் போகவே இல்லை.

நிலையத்தின் தலைவர் குழந்தைவேலு. அவருக்கே மூன்று சாயப்பட்டறைகள் உண்டு. கெட்ட மனிதர் இல்லை. மற்றப் பட்டறைக்காரர்கள் கேலி பேசியபோது இந்தப் பாக்டீரியாவுக்காக எல்லோரிடமும் வாதாடியவர் அவர்தான். கோகிலவாணி சொல்லச் சொல்ல, கையில் இருந்த காப்பியைக் குடிக்காமலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்க அம்மணி. சோப்பைத் தின்னுடுச்சுன்னுதானே சொன்னீங்க?"

"பாதியத்தானுங்க தின்னுருக்குது. அந்தச் சோப்புக்கு ஒரு தலையும் நீளமா ஒரு வாலும் இருக்குதுன்னு வெச்சுக்கங்க. தலை எண்ணெயப் பிடிக்கும், வால் தண்ணியப் பிடிக்கும். ரெண்டும் சேந்தாத்தான் நுரை. இது வாலத் தின்னுட்டுத் தலைய அப்படியே விட்டுடுது. வால் இல்லாததால நுரை வரல. நாம சுத்தமாயிடுச்சுன்னு நெனச்சுட்டோம்."

"அந்தத் தலை என்ன பண்ணுது?"

"தண்ணியில நிக்காது. சேத்துல எறங்கும், மீன் கொழுப்புல ஏறும். அதோட உருவம் பொம்பளைங்க உடம்புல சொரக்கிற ஹார்மோன் மாதிரி இருக்குதுங்க. உடம்பு ஏமாந்துபோயிடும். முழுச் சோப்பை விட இது மோசம்."

குழந்தைவேலு ஆறிப்போன காப்பியைக் கீழே வைத்தார். பிறகு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்கிற அளவுகள் எல்லாமே சரியாக இருக்கின்றனவே என்றார். இருக்கின்றனதான். இந்தத் தலையை அளக்கச் சொல்லி எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. மீனுக்கு ஆனதை வைத்துக்கொண்டு ஐந்நூறு பட்டறைகளிடம் போய் சோப்பை மாற்று என்று சொன்னால் கேட்பார்களா என்றார். அதுவும் நியாயம்தான். கடைசியில் அவர் கேட்டது ஒன்றைத்தான். மனிதர் ஒருவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் காட்டுங்கள், நானே எல்லோரிடமும் பேசுகிறேன்.

மூலக்காட்டுப்புதூர் துணை சுகாதார நிலையத்தில் ஜெயசீலி என்ற செவிலியர் பன்னிரண்டு வருடமாக வேலை பார்த்தாள். சுற்றுப்பட்டு ஊர்களில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் தடுப்பூசி போடுவது அவள்தான். கோகிலவாணி மீன்களைப் பற்றிச் சொன்னதும் ஜெயசீலி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

ஒரு வருடத்துக்குள் ஐந்து ஆண் குழந்தைகள் என்றாள். ஐந்து பேருக்கும் சிறுநீர் வரும் துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, கீழே தள்ளி இருக்கிறது. இரண்டு பேருக்கு விதை இறங்கவே இல்லை. அதற்கு முந்தைய பதினோரு வருடத்திலும் சேர்த்து அவள் இப்படிப் பார்த்தது ஒரே ஒரு குழந்தையைத்தான். ஒவ்வொரு தாயும் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். ஒரு வீட்டில் மாமியார் மருமகளைப் பிறந்தவீட்டுக்கு அனுப்பிவிட்டாள். இன்னொரு வீட்டில் குழந்தையை யார் கண்ணிலும் காட்டாமல் குளிப்பாட்டுகிறார்கள்.

"அஞ்சு வீடும் ஒரே தெருவுலயும் பக்கத்துத் தெருவுலயும்தாங்க இருக்குது. ஆனா, தனக்கு மட்டுந்தான் இப்படி ஆச்சுன்னு ஒவ்வொருத்தரும் நெனச்சிட்டிருக்காங்க. எண்ணிக்கைய எத்தனை தடவ வேணாலும் சொல்றேன். பேரு மட்டும் கேக்காதீங்க."

கோகிலவாணி பேர் கேட்கவில்லை. ஆனால் பேர் இல்லாத ஐந்தை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது ஒரு பெண் ஆற்றிலிருந்து ஈரத்துணியோடு ஏறி வந்தாள். அடையாளம் தெரிந்துகொண்டு மரியாதையாகச் சிரித்தாள். கோகிலவாணியால் திரும்பச் சிரிக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் கூட்டம். அவள் கேட்டுக்கொண்டதால் குழந்தைவேலுவும் வந்து வாசலில் தன் காரை ஒட்டி நின்றார். கோகிலவாணி இரவெல்லாம் எழுதி வைத்திருந்த தாளைக் கையில் எடுக்கவில்லை. மீனைப் பற்றிச் சொன்னாள், சேற்றைப் பற்றிச் சொன்னாள். நாலு வருடத்துக்கு முன் தான் திருப்பிய பக்கத்தையும் சொன்னாள். குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது, ஆண் சிசுக்களுக்குப் பாதிப்பு வரலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். யாருடைய ரகசியத்தையும் அவள் தொடவில்லை.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்தபோது கோபம் வந்தது. சந்தையில் நமக்குப் போட்டியாக மீன் விற்கும் மேலூர்க் குத்தகைக்காரர்கள் இவளை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றார் சங்கத் தலைவர். இருபது வருடம் கழித்து வந்த பிழைப்பைக் கெடுக்க வந்தாயா என்று ஒருவர் கேட்டார். எல்லாவற்றையும் அவள் நின்றபடியே கேட்டுக்கொண்டாள். பின்வரிசையிலிருந்து ஒருவர் அமைதியாகத்தான் கேட்டார்.

"அப்புறம் எதுக்குங்க எங்க முன்னால அந்தத் தண்ணியக் குடிச்சீங்க?"

"தெரியாமத்தான் குடிச்சேன். ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்."

அந்தப் பதில் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. கூட்டம் கலையத் தொடங்கியது. நாற்காலிகள் இழுபடும் சத்தத்துக்கு நடுவே ஆத்தியப்பன் எழுந்து நின்றான். அவன் அவளைத் திட்டத்தான் போகிறான் என்று நினைத்து எல்லோரும் நின்றார்கள். அவனோ தன் கால்களைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"என் பையனுக்கு இருக்குதுங்க. ஒண்ணுக்குப் போற ஓட்ட எடத்துல இல்ல, கீழ இருக்குது. ஆப்பரேசன் பண்ணோணும்னு சொல்லியிருக்காங்க. எங்கம்மாளுக்குக்கூடத் தெரியாது. உங்க வம்சத்துல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சான்னு எம் பொண்டாட்டியக் கேட்டனுங்க. அவ ஒண்ணுமே சொல்லல." பெண்கள் பக்கம் திரும்பாமலே மேலே சொன்னான். "அவ மாசமா இருந்தப்ப, ஒடம்புக்கு நல்லதுன்னு தெனமும் சினை மீனு கொண்டாந்து குடுத்தது நாந்தானுங்க."

எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கத்தில் அவன் மனைவி மயிலாத்தாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு வரிசை பின்னாலிருந்து, எங்க வூட்லயும் இருக்குது என்று ஒரு குரல் வந்தது. சொன்ன பெண்ணின் மாமனார் அவளை அடக்கப் பார்த்தார். அவள் அடங்கவில்லை. அடுத்து ஒரு தகப்பன் எழுந்தான். ஜெயசீலி சொன்ன ஐந்து அந்த அரைமணி நேரத்தில் எட்டாயிற்று. மற்ற மூன்றும் நகரத்தில் தனியார் மருத்துவமனையில் பிறந்தவை. ஜெயசீலிக்கே தெரியாது. அவள் ஓரத்தில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறந்தவீட்டுக்குத் துரத்தப்பட்ட மருமகளை அழைத்துவர அன்று சாயங்காலமே ஒரு குடும்பம் கிளம்பிப் போனதாகப் பின்னால் சொன்னார்கள்.

குழந்தைவேலு காருக்குள் ஏறாமல் வெயிலிலேயே நின்றிருந்தார். கோகிலவாணி வெளியே வந்ததும், குழாயை மூடிவிடலாம் என்றார். வேறு சோப்புக்கு மாறப் பட்டறைகளுக்கு ஒரு வருடம் ஆகும். அதுவரை பழையபடி நுரை வரும். நுரை வந்தால் ஊரே நம்மைக் காறித் துப்பும் என்றார்.

"துப்பட்டுங்க," என்றாள் அவள். "நுரை இருந்தாத்தான் யாரும் அதுல கை வெக்கமாட்டாங்க."

திங்கட்கிழமை அவள் கையாலேயே குழாயை மூடினாள்.

அதன் பிறகு நடந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் சொல்லிக்கொள்கிறார்கள். இருபத்துமூன்று வருடம் நுரையைச் சபித்தவர்கள், நுரை வருகிறதா என்று பார்க்கப் பாலத்துக்கு வந்து நின்றார்கள். ஐந்தாம் நாள் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தபோது ஒரு பெண் கும்பிட்டாள். அது மேலே எங்கோ துணி துவைத்த சோப்பு. ஒன்பதாம் நாளும் நுரை இல்லை. கோகிலவாணி குழாயின் திருகைப் போய்ப் பார்த்தாள். இறுக மூடித்தான் இருந்தது. பன்னிரண்டாம் நாள், பதினைந்தாம் நாள் என்று கடந்தது. இருபதாம் நாள் தண்ணீர் அவ்வளவு தெளிவாக ஓடியது. பாலத்திலிருந்து பார்த்தால் அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம். நாரைகள் வந்து நின்றன. அப்படி ஓர் ஆறு அந்த மாவட்டத்தில் வேறெங்கும் இல்லை.

சேற்றில் நுரைதின்னிகள் ஒன்றுகூடக் குறையவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஆறு நாள் ஆயிற்று. ஆற்றுச் சேற்றிலேயே கிடந்த, யாரும் கண்டுகொள்ளாத இன்னொரு பாக்டீரியா, நுரைதின்னி சிந்தும் எச்சிலைத் தின்று பிழைத்துக்கொண்டிருந்தது. பதிலுக்கு அது வெளியே விட்டது, அவள் பறித்துக்கொண்ட அதே சத்தை. மூன்று வருடத்துக்குள் அவை இரண்டும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டுவிட்டன. அவள் ஊற்றிக்கொண்டிருந்த சொட்டு எப்போதிருந்து தேவைப்படாமல் போனது என்பது அவளுக்கே தெரியாது. அவள் கையில் கயிறு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் எதுவும் இல்லை.

அதைக் குழந்தைவேலுவிடம் சொன்னபோது அவர் வெறுமனே தலையை ஆட்டினார். அப்படியானால் சோப்பை மாற்றுவது ஒன்றுதான் வழி, ஆறு மாதத்தில் முடிக்கிறேன் என்றார். இந்த ஆற்றுக்கு அது போதும் என்று கோகிலவாணியும் நினைத்தாள்.

அடுத்த வாரம் ஆத்தியப்பன் அவளுக்கு ஒரு வீடியோ அனுப்பினான். இரண்டு மாவட்டம் தள்ளி, உப்போடை என்ற சிற்றாறு. அங்கேயும் சாயப்பட்டறைகள், அங்கேயும் நுரை. போன வருடம் அந்த நுரை தானாகவே காணாமல் போய்விட்டதாம். யாரும் எதுவும் செய்யவில்லை, மாரியம்மன் கண் திறந்தாள் என்று கரையில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் தண்ணீரில் குதித்தார்கள். வீடியோவின் ஓரத்தில் வரிசையாகத் தண்ணீர் லாரிகள் நின்றன. மஞ்சையாறு தெளிந்த பிறகு அங்கே வந்து தண்ணீர் மொண்டுபோன அதே லாரிகள்தான்; தண்ணீரோடு நுரைதின்னியும் போயிருக்கிறது. கோகிலவாணி அதை மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு நாட்டின் வரைபடத்தை எடுத்து, அந்தச் சோப்பை இன்னும் ஊற்றும் ஊர்களைப் பென்சிலால் வட்டமிடத் தொடங்கினாள். பதினேழாவது வட்டத்தில் நிறுத்திவிட்டு, உப்போடைக்குக் கூட வரச் சொல்லி ஆத்தியப்பனுக்குப் போன் செய்தாள்.

மறுநாள் காலை பேருந்து நிலையத்துக்கு அவன் தனியாக வரவில்லை. மயிலாத்தாளும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். யார் அழைத்தது என்று கோகிலவாணி கேட்கவில்லை. நாலரை மணி நேரப் பயணத்தில் புருஷனும் பெண்டாட்டியும் குழந்தைக்குப் பால் எடுத்துக் கொடுத்ததைத் தவிர ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

உப்போடைக் கரையில் நல்ல கூட்டம். வெயிலில் தண்ணீர் பளபளத்தது. தார்ப்பாய் விரித்து மீனைக் குவித்து வைத்திருந்தார்கள். ஒருவர் மீனின் வயிற்றைக் கீறி மஞ்சளாகப் பிதுங்கும் சினையை வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கோகிலவாணி அவரிடம் போய் யார், எவர் என்று சொல்லிப் பேசிப் பார்த்தாள். வியாபார நேரத்தில் வந்து என்னம்மா என்று அவர் அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிவிட்டார். ஆத்தியப்பன் முன்னால் போனான். வாயைத் திறந்தான். சொந்த ஊரில் அன்றைக்கு வந்த வார்த்தை, முகம் தெரியாத இந்தக் கூட்டத்துக்கு நடுவில் வரவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

மயிலாத்தாள் அவனைத் தாண்டிப் போனாள். தராசுக்குப் பக்கத்தில் ஒரு பெண் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது. சேலைக்குமேல் வயிறு எடுப்பாகத் தெரிந்தது. மீன்காரர் மூன்றாவது மீனைப் பையில் போடப் போனார். மயிலாத்தாள் குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எத்தன மாசம் சாமி உனக்கு?" என்று கேட்டாள். "இப்படி நெழலுக்கு வா. ஒண்ணு சொல்லோணும்."